மச்ச பலன்

எஸ்ஸன். காலை ஆறே முக்கால்.
106-ஆம் ட்ராம் என்னை ஆஸ்பத்திரி வாசலில் உதிர்த்துவிட்டுப் போகிறது.
நிலவறையில் நாலாயிரத்துச் சொச்சம் மெழுகுக் கட்டைகள்.
ஒவ்வொன்றின் நடுவிலும்
யாரிடமிருந்தோ வெட்டியெடுத்த பழுப்புத் துணுக்கு.
பெயர் இல்லை, எண் மட்டும்.

என் வேலை சீவுவது.
ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பதாய்ப் பகிர்ந்தால் வரும் பங்கு,
அந்தத் தடிமனில் ஓர் ஏடு.
கட்டையைப் பனித்தட்டில் குளிரவைத்துச் சக்கரத்தைச் சுற்ற
கத்தியிலிருந்து நாடாவாய் இறங்கும்.
தும்மக் கூடாது.
தூரிகையில் ஏந்தி வெந்நீரில் விட்டால்
சுருக்கம் தானே நீங்கி மிதக்கும்.
கண்ணாடித் தகட்டை அடியில் கொடுத்து
அள்ளிக்கொள்வேன்.

எல்லாம் பதினோரு வருடத்துக்கு முந்தைய மச்சங்கள்.
எது பரவியது, எது அங்கேயே அடங்கியது
என்ற பட்டியல்
வீப்கே ஓல்ட்மன்ஸின் கணினியில் பூட்டிக் கிடக்கிறது.
சொல்லமாட்டார். தெரிந்தால்
கண் பொய் சொல்லும் என்பார்.
நடந்து முடிந்ததை
நடக்கப்போவதுபோல் ஊகிக்க வேண்டும் மூன்றாம் மாடி.
காவல் செல்கள் எத்தனை, எவ்வளவு அருகில்,
எந்தச் சாயம் எங்கே ஏறிற்று.
ஊகம் தேறினால்
நாளைக்கு ஒருவரிடம் சொல்லலாம்:
போங்கள், கோடையில் நீந்துங்கள்.
இன்னொருவரிடம்:
கொஞ்சம் இருங்கள்.

எங்கள் பாஷையில் மச்சக்காரன் என்றால் அதிர்ஷ்டசாலி
என்றேன் வீப்கேயிடம்.
எந்தத் தரவில், என்றார்.
இதுவும் சோதிடம்தானே என்று சீண்டினேன்.
சோதிடர் தன் பிழைகளை எண்ணுவதில்லை,
நாங்கள் எண்ணுகிறோம்,
நூறில் பதினேழு,
என்றுவிட்டுத் தேநீரை மறந்து போனார்.

சனிக்கிழமை அல்ட்டன்எஸ்ஸன் தமிழ்க் கடை.
சுவர்க் காலண்டரின் பின்தாளில்
அன்றைக்கு மச்ச பலன்.
நெற்றியில் வலது: செல்வம்.
நாக்கு: சொல் பலிக்கும்.
உள்ளங்கால்: தூரதேசப் பயணம்.
உரக்க வாசித்த கதிர்காமத்தம்பி அண்ணர்
(முப்பது வருடம் உணவக அடுக்களையில் நின்ற கால்கள்)
சிரித்தார்.
"எனக்கு இருக்குது, இடது காலில.
கடல் கடப்பன் எண்டு பலன். கடந்திட்டன்."

வல்லாரைக் கட்டைப் பிடித்தபடி கேட்டேன்:
பிறந்ததில இருந்தோ?

"இல்லை, ரெண்டு வருஷம்.
பெருக்குது. காசும் பெருகும் எண்டு விட்டிட்டன்."

அந்த வெள்ளிக்கிழமை நான் சீவியது
ஒரு பாதத்தின் அடி.
தடித்த தோல், கீழே கரிய வரிசை,
ஒரு மூலையில்
வரிசையை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்த மூன்று செல்கள்,
பயணப்பை இல்லாமல்.

சப்பாத்தைக் கழட்டுங்கோ, என்றேன்.
கடையில் ஆறு பேர்.
வெண்டைக்காய்ப் பெட்டி விளிம்பில் உட்கார்ந்து கழட்டினார்.
காலுறையில் ஓட்டை இருந்ததற்கு வெட்கப்பட்டார்,
மச்சத்துக்கு இல்லை.
அது வெள்ளைத் தோலுக்கு வாறதெல்லோ,
என்றது மிளகாய்த்தூள் பொதியோடு நின்ற ஒரு குரல்.
வெயிலே தொடாத இடத்திலும் வரும், என்றேன்
யாரையும் பார்க்காமல்.

நான் வைத்தியர் இல்லை.
காலண்டர் தாளைக் கிழித்து
பலனுக்கு மறுபுறம்
ஒரு தொலைபேசி எண் எழுதினேன்.
வல்லாரைக்குக் காசு வாங்க மறுத்தார்.
வாங்க வைத்தேன்.

பிறகு இரண்டு வாரம்
அந்தக் கடைக்குப் போகக் கால் வரவில்லை.
மூன்றாம் வாரம் போனேன். மரக்கறிப் பக்கம்
வேறொரு பெடியன் நின்றான்.
கேட்டிருக்கலாம். தேங்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்றைக்குப் பழைய கட்டைகளை ஒதுக்கிவிட்டு
அவசரம் என்று ஒன்று வந்தது.
மெழுகு இன்னும் மஞ்சளிக்கவில்லை.
தடித்த தோல்.
எண்ணை ஒரு தரம்தான் படித்தேன்,
தகட்டில் எழுத வேண்டியிருந்ததால்.

கத்தி இன்னும் இருபது கட்டைக்குத் தாங்கும்.
மாற்றினேன்.